கல்லூரி ஊரில் காசு செலவில்லாமல்: எந்தக் கதவு திறந்திருக்கும், எப்போது திறக்கும்

கேள்வியின் சாரம் இது: துணைவரின் ஆய்வுப் படிப்புக்காக ஒரு பல்கலைக்கழக ஊரில் குடியேறியிருக்கிறீர்கள். நீங்கள் அங்கே மாணவரும் இல்லை, ஊழியரும் இல்லை. பூங்காவையும் ஆற்றங்கரையையும் பார்த்து முடித்துவிட்டீர்கள். இலவசமாக வேறென்ன இருக்கிறது, உள்ளே நுழைந்தால் யாராவது தடுப்பார்களா?

தடுப்பார்களா என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தத் தயக்கத்தில்தான் பலர் வருடக்கணக்கில் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். பல்கலைக்கழகம் இலவசமாக நடத்தும் நிகழ்ச்சிகளில் கணிசமானவை உங்களுக்காகச் செய்யும் தர்மம் அல்ல. இசை மாணவர் ஆட்கள் முன்னால் வாசித்தால்தான் பட்டம். பல நாடுகளில் முனைவர் பட்ட மாணவர் பொது அவையில் வாதிட்டால்தான் பட்டம். இந்த நிகழ்ச்சிகளுக்குப் பார்வையாளர் வேண்டும், பாதி நாற்காலிகள் காலியாகவே கிடக்கும். ஆகவே "எங்கே என்னை அனுமதிப்பார்கள்?" என்று தேடுவதைவிட, "எங்கே ஆள் தேவைப்படுகிறது?" என்று தேடுங்கள்.

இசைக் கல்லூரி இருக்கும் ஊரென்றால் தேடலை அங்கேயே தொடங்கலாம். மேற்கத்திய இசை நிகழ்த்தலில் பட்டம் பெற ஒவ்வொருவரும் தனிக் கச்சேரி செய்தாக வேண்டும், ரெசிடல் என்பார்கள். இளநிலையின் மூன்றாம் ஆண்டில் பெரும்பாலும் அரை மணி, இறுதியாண்டில் ஒரு மணி, அதன்பின் முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் தனித்தனியாக. அமெரிக்காவில் புளூமிங்டன் என்ற நடுத்தர ஊரில் உள்ள இந்தியானா பல்கலைக்கழக இசைப்பள்ளி ஆண்டுக்கு 1,100-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை நடத்துகிறது, பெரும்பாலானவை இலவசம். ஒரு தேர்வு செய்யச் சொன்னால் முனைவர் பட்ட மாணவரின் கச்சேரியைச் சொல்வேன்: வாசிப்பு தொழில்முறைக் கலைஞரின் தரத்துக்கு மிக அருகில் இருக்கும், அரங்கில் முப்பது பேர் இருந்தால் அதிகம். குழந்தையோடு போவதானால் தாளவாத்தியக் கச்சேரிக்குப் போங்கள். கண்ணுக்கும் வேலை இருக்கும், சிறு சத்தமும் கரைந்துவிடும்.

இவை ஆண்டு முழுவதும் சீராக வருவதில்லை. பதினைந்து வார செமஸ்டரில் முதல் மூன்று வாரம் அரங்கு காய்ந்து கிடக்கும். கடைசி நான்கைந்து வாரங்களில் ஒரே சனிக்கிழமை ஒரே அரங்கில் மூன்று, நான்கு கச்சேரிகள்கூட வரும். ஆறாவது வாரத்தில் போய் "ஒன்றும் நடக்கவில்லை" என்று திரும்பியவர்கள் பதின்மூன்றாவது வாரத்தில் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும்.

அரங்கில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். தாமதமாகிவிட்டால் கதவைத் திறக்காமல் வெளியே நின்று, கைதட்டல் கேட்டதும் நுழையுங்கள். பெரும்பாலான கச்சேரிகள் பதிவாகும், ஒரு கதவுச் சத்தம் அந்த மாணவரின் பதிவையே கெடுக்கும். ஒரே படைப்பு இரண்டு, மூன்று பகுதிகளாக வரும்; பகுதிகளுக்கு நடுவே கைதட்டுவதில்லை. எப்போது முடிந்தது என்று தெரியாவிட்டால் கலைஞரின் கைகளைப் பாருங்கள்: கைகள் முழுவதும் தாழ்ந்து, முகம் அவையை நோக்கித் திரும்பினால் முடிந்தது. நடைபாதையோர இருக்கையில் அமர்ந்தால் இரண்டு படைப்புகள் கேட்டுவிட்டு இடைவெளியில் எழுந்து போகலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். முழு ஓபராவுக்கும் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் பெரும்பாலும் டிக்கெட் உண்டு. ஆனால் அவற்றின் கடைசி ஒத்திகையைச் சில இடங்களில் திறந்துவிடுவார்கள். கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

இரண்டாவதாகச் சொல்வது பலருக்கு விசித்திரமாகப் படும்: முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. பிரிட்டனில் இது மூடிய அறையில் நடக்கும், நீங்கள் போக முடியாது. நெதர்லாந்திலும் சுவீடனிலும் இது ஒரு பொது நிகழ்ச்சி. நெதர்லாந்தில் பேராசிரியர்கள் அங்கி, தொப்பியோடு வரிசையாக நுழைவார்கள், கேள்விகள் தொடங்கும். பல பல்கலைக்கழகங்களில் சரியாக 45 நிமிடத்தில் செங்கோல் ஏந்திய விழா அதிகாரி உள்ளே வந்து லத்தீனில் "ஹோரா எஸ்ட்", அதாவது நேரம் முடிந்தது, என்பார். மாணவர் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடலாம். இங்கே தாமதத்துக்கு மன்னிப்பில்லை, தொடங்கியதும் கதவை அடைத்துவிடுவார்கள். சுவீடனில் ஆய்வேட்டைச் சுமார் மூன்று வாரம் முன்பே பொதுவில் வைத்துவிடுவார்கள். உப்சாலாவில் அதை நிஜமாகவே ஆணியடித்து மாட்டும் வழக்கம் உண்டு. அமெரிக்காவில் முதல் ஒரு மணி விளக்கவுரை பெரும்பாலும் எல்லோருக்கும் திறந்திருக்கும், அதன்பின் தேர்வுக்குழு தவிர மற்றவர்களை வெளியே அனுப்புவார்கள். தலைப்பு புரியாவிட்டாலும் பரவாயில்லை. ஐந்தாறு வருட உழைப்பை ஒருவர் ஒரு மணி நேரத்தில் தற்காத்துப் பேசுவதைப் பார்ப்பதே போதும்.

சொற்பொழிவுகளுக்கு வருவோம். இங்கே பெயரைப் படிக்கத் தெரிய வேண்டும். 'செமினார்' என்றால் அந்தத் துறைக்காரர்களுக்கான நுணுக்கப் பேச்சு. உங்கள் துறையாக இல்லாவிட்டால் ஐந்தாவது நிமிடத்திலேயே தொலைந்துபோவீர்கள். 'கொலோக்கியம்' என்றால் துறை முழுமைக்கும் பொதுவானது, முதல் இருபது நிமிடமாவது வெளியாளுக்குப் பிடிபடும்படி அமைத்திருப்பார்கள். கணிதம், இயற்பியல் துறைகளில் அதற்கு அரை மணி முன்பு தேநீர் உண்டு. தேநீருக்கு வந்தவர் பேச்சுக்கும் இருக்க வேண்டும் என்பது எழுதாத விதி. 'பொதுச் சொற்பொழிவு' என்றால் எல்லோருக்கும்.

பிரபலப் பேச்சாளர் வரும் பொதுச் சொற்பொழிவு, பட்டியலில் கவர்ச்சியாகத் தெரிந்தாலும், எனக்குப் பரிந்துரைக்க மனம் வருவதில்லை. இருக்கைக்கு முன்பதிவு வேண்டும், வரிசை நீளும், அதே பேச்சு இணையத்தில் ஏற்கனவே காணொளியாக இருக்கும். பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பல இடங்களிலும் புதிதாகப் பேராசிரியர் ஆனவர்கள் தரும் தொடக்கவுரை அதைவிடப் பல மடங்கு நன்றாக இருக்கும். முன்வரிசையில் அவருடைய அம்மாவும் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே அவர் எளிமையாகப் பேசியாக வேண்டும்.

இலவச முன்பதிவு "முடிந்துவிட்டது" என்று காட்டினால் மனம் தளர வேண்டாம். காசு கொடுக்காமல் பதிவு செய்தவர்களில் ஒரு பகுதியினர் வரவே மாட்டார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு காலி இடங்களை வரிசையில் நிற்பவர்களுக்குத் திறந்துவிடுவது பரவலான வழக்கம்.

நேரம் பற்றி ஒரு எச்சரிக்கை. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் அறிவிப்பில் 'சி.டி.' (c.t.) என்று இருந்தால் குறித்த நேரத்துக்குக் கால் மணி கழித்துத் தொடங்கும், 'எஸ்.டி.' (s.t.) என்றால் குறித்த நேரத்திலேயே. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் பத்து நிமிடம் தள்ளித் தொடங்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான் இருந்தது, 2018-ல் கைவிட்டுவிட்டார்கள். வகுப்புக்குரிய இந்தச் சலுகையைக் கச்சேரிக்கும் நீட்டிவிடாதீர்கள், கச்சேரி நேரத்துக்குத் தொடங்கும்.

இதையெல்லாம் எங்கே பார்ப்பது? பல்கலைக்கழகத்தின் மைய நாட்காட்டியில் துறைகள் சிரமப்பட்டு ஏற்றியவை மட்டுமே இருக்கும். மீதி எல்லாம் அந்தந்தத் துறையின் பக்கத்திலும், துறைக் கட்டடத்தில் லிஃப்டுக்குப் பக்கத்துப் பலகையிலும் கிடக்கும். உங்களுக்குப் பிடித்த நான்கைந்து துறைகளின் நாட்காட்டியை ஃபோனில் இணைத்துக்கொண்டால் வாரம் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அறிவிப்பில் "பல்கலைக்கழகச் சமூகத்துக்கு" என்றிருந்தால் வெளியாருக்கு இல்லை என்று பொருள். ஒன்றும் சொல்லாவிட்டால் துறை அலுவலகத்துக்கு ஒரு வரி மின்னஞ்சல் போடுங்கள்: "நான் ஊர்வாசி, மாணவர் அல்ல, இந்தப் பேச்சுக்கு வரலாமா?" தனிப்பட்ட விளக்கம் எதுவும் வேண்டாம். வகுப்பில் உட்கார்ந்து கேட்க ஆசையென்றால் இதே மாதிரி ஆசிரியரிடமே கேளுங்கள், பெரிய விரிவுரை வகுப்பாகத் தேர்ந்தெடுங்கள். சில பல்கலைக்கழகங்களில் இதற்கும் கட்டணம் உண்டு.

வானியல் துறை இருந்தால் தொலைநோக்கி இரவு ஒன்று பெரும்பாலும் இருக்கும். இதற்குக் கொஞ்சம் முன்னறிவு இல்லாமல் போனால் ஏமாற்றம்தான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஃபுவெர்ட்டஸ் வானாய்வகம் 1917-ல் கட்டப்பட்டது. வானம் தெளிவாக உள்ள வெள்ளிக்கிழமை இரவுகளில் ஊர் மக்களுக்குத் திறக்கும். கேம்பிரிட்ஜ் வானியல் கழகத்தில் குளிர்காலப் புதன்கிழமை மாலைகளில் ஒரு பேச்சும் அதைத் தொடர்ந்து பார்வையும் நடக்கும். மேகம் வந்தால் பார்வை ரத்து. அன்று மாலையே இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எந்த நாளைத் தேர்ந்தெடுப்பது? முழுநிலவன்று போகாதீர்கள். அந்த ஒளி மங்கலான பொருள்களை எல்லாம் விழுங்கிவிடும், நிலவும் நிழலில்லாமல் தட்டையாகத் தெரியும். வளர்பிறை அரைநிலவை ஒட்டிய நாட்கள் சிறந்தவை: வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் நிழல் நீளமாக விழும். நெபுலாக்களையும் கேலக்ஸிகளையும் பார்க்க வேண்டுமானால் அமாவாசையை ஒட்டிப் போங்கள். அங்கே படங்களில் வரும் சிவப்பும் நீலமும் தெரியாது, சாம்பல் நிறப் புகைபோலத்தான் தெரியும். மங்கிய ஒளியில் வேலை செய்யும் விழித்திரைச் செல்களுக்கு நிறம் தெரியாது. படங்களின் நிறம் நீண்ட நேரப் பதிவில் வருவது. சனிக்கோளும் விரல்நகம் அளவுக்குக்கூட இருக்காது, ஆனால் வளையம் கூர்மையாக இருக்கும்.

கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். ஃபோன் திரையை ஒரு நொடி பார்த்தால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும், பின்னால் நிற்பவர்களுடையதும் சேர்ந்து. குவிமாடத்துக்குள் வெப்பமூட்டி இருக்காது, வெப்பக்காற்று மேலே போகும்போது பிம்பம் நடுங்கும் என்பதால். ஆகவே வெளியே நடக்கத் தேவைப்படுவதைவிட ஒரு அடுக்கு உடை அதிகம் போட்டுக்கொள்ளுங்கள், அசையாமல் நிற்கப் போகிறீர்கள். தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் வில்லையைக் கையால் பிடிக்காதீர்கள். பிடித்தால் பொருள் பார்வைப்புலத்தைவிட்டு நகர்ந்துவிடும், நடத்துபவர் மறுபடி தேடிப் பிடிக்க வேண்டும். மங்கலான பொருளை நேராக உற்றுப் பார்த்தால் மறையும், சற்றே பக்கவாட்டில் பார்த்தால் தோன்றும். கோடையில் இருட்டே தாமதமாகத்தான் வரும், குழந்தைகள் தூங்கிவிடுவார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பல்கலைக்கழக அருங்காட்சியகங்களில் இலவசமானவை ஏராளம். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் 1683 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடம் ஆகியவற்றுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. ஹார்வர்டு தன் கலை அருங்காட்சியகங்களை 2023-ல்தான் எல்லோருக்கும் இலவசமாக்கியது. ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிகளுக்குக் கீழே உள்ள இழுப்பறைகளைத் திறந்து பார்க்கலாம், பலர் இதை அறியாமலே கடந்துபோகிறார்கள். யேலின் பைனெக்கி அரிய நூல்களின் நூலகம் 1963-ல் கட்டியது. ஜன்னலுக்குப் பதில் ஒளி ஊடுருவும் மெல்லிய சலவைக்கல் பலகைகள். வெயில் அடிக்கும் பகலில் போனால் சுவரே தேன்நிறத்தில் ஒளிரும், மேகமூட்ட நாளில் அது இல்லை. ஐரோப்பாவின் முதல் அச்சு நூல்களில் ஒன்றான குட்டன்பெர்க் பைபிள் அங்கே காட்சியில் இருக்கிறது.

ஆனால் காட்சிக்கூடத்தைவிடப் பெரிய இலவசம் படிப்பறை. காகித ஓவியங்கள் ஒளியில் மங்கும் என்பதால் பெரும்பகுதி பெட்டிக்குள் இருக்கும். கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். ஆஷ்மோலியனின் மேற்கத்தியக் கலைப் படிப்பறையில் முன்கூட்டியே நேரம் வாங்கினால், ஆய்வாளராக இல்லாவிட்டாலும், ரஃபேல், மைக்கலாஞ்சலோவின் கோட்டோவியங்களை மேசையில் வைத்துப் பார்க்கலாம். "நல்லதாக ஏதாவது காட்டுங்கள்" என்று கேட்டால் எடுத்துத் தருபவர் திணறுவார், ஆகவே இணையப் பட்டியலில் பார்த்து நான்கைந்து படைப்புகளின் எண்களைக் குறித்து அனுப்புங்கள். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். பையை வெளியே வைக்க வேண்டும். கையைக் கழுவி நன்றாக உலர்த்திக்கொண்டு போக வேண்டும். நூலகங்களின் அரிய நூல் பிரிவிலும் இதே நடைமுறைதான், புகைப்பட அடையாள அட்டை ஒன்று கையில் இருக்கட்டும்.

நூலகத்தில் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போவது மாணவர் உரிமை. உட்கார்ந்து படிப்பது பல இடங்களில் எல்லோருக்கும் உரியது. ஆய்வு இதழ்களின் உரிம ஒப்பந்தங்கள் பலவற்றில் நேரில் வருபவர் நூலகக் கணினியில் படிக்கலாம் என்றே இருக்கும், வீட்டிலிருந்து முடியாது. அமெரிக்காவில் அரசு ஆவணங்களின் வைப்பகமாக உள்ள பல்கலைக்கழக நூலகங்கள் அந்த ஆவணங்களைப் பொதுமக்களுக்கு இலவசமாகக் காட்டியே ஆக வேண்டும். வாசலில் அட்டை கேட்டால் அந்தக் காரணத்தைச் சொல்லலாம். தேர்வு வாரங்களில் மாணவர் மட்டும் என்று கதவை இறுக்குவார்கள், அப்போது போய் வாதாடாதீர்கள்.

காசு வாங்கும் கட்டடத்துக்குள் காசில்லாமல் போகும் நேர்மையான வழியும் ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி தேவாலயமும் ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச்சும் சுற்றிப் பார்ப்பவர்களிடம் கட்டணம் வாங்கும். மாலை ஈவன்சாங் வழிபாட்டுக்கு வருபவர்களிடம் வாங்குவதில்லை. முக்கால் மணி நேரம், உலகத் தரப் பாடகர்குழு, எந்த மதத்தவரும் வரலாம். ஆனால் அது வழிபாடு, கச்சேரி அல்ல: படம் எடுக்கக் கூடாது, கைதட்டக் கூடாது, நடுவில் எழுந்து போகக் கூடாது. கல்லூரி விடுமுறை நாட்களில் பாடகர்கள் இருக்க மாட்டார்கள், பாடக்காலத் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். மணிக்கூண்டு உள்ள வளாகங்களில் மணியிசை கேட்கலாம். 23 அல்லது அதற்கு மேற்பட்ட மணிகள் இருந்தால்தான் அதைக் கரியோன் என்பார்கள். பெர்க்லியில் 61 மணிகள். கோபுரத்தின் அடியில் நின்று கேட்காதீர்கள், கோபுர உயரத்துக்குச் சமமான தூரமாவது விலகி நின்றால் சுரங்கள் பிரிந்து கேட்கும். கார்னெலில் 21 மணிகளையும் மாணவர்களே வாசிக்கிறார்கள். 161 படி ஏறி அவர்கள் வாசிப்பதைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம்.

விளையாட்டில் கூட்டம் சேர்க்காதவையே இலவசம். ஓட்டம், டென்னிஸ், படகு போன்றவை. கேம்பிரிட்ஜின் 'மே பம்ப்ஸ்' படகுப்போட்டி, பெயருக்கு மாறாக, ஜூனில் நான்கு நாள் நடக்கும். ஆறு குறுகல் என்பதால் படகுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓட முடியாது. ஒன்றன்பின் ஒன்றாக ஒன்றரைப் படகு நீள இடைவெளியில் கிளம்பி முன்னாலுள்ளதை முட்ட வேண்டும். முட்டினால் மறுநாள் இடம் மாறும். வளைவுகளில் போய் நில்லுங்கள்: சுக்கான் பிடிப்பவரின் தவறுகளுக்குத் தண்டனை அங்கேதான் கிடைக்கும். கரைப்பாதையில் பயிற்சியாளர்கள் படகையே பார்த்துக்கொண்டு சைக்கிளில் பாய்ந்து வருவார்கள், குழந்தையின் கையை விடாதீர்கள்.

வளாகத் திரைப்படக் காட்சிகளை நம்பிப் போய் வாசலில் திரும்பியவர்கள் அதிகம். படத்தைத் திரையிட வாங்கும் உரிமம் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாருக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வரும், அதனால்தான் அட்டை கேட்கிறார்கள். இலவச மாலையில் உண்மையில் காசைத் தின்பது வண்டி நிறுத்தம். பல வளாகங்களில் மாலை ஐந்து அல்லது ஆறுக்கு மேலும் வார இறுதியிலும் இலவசம்தான், ஆனால் ஒவ்வொரு நிறுத்துமிடத்துக்கும் விதி வேறு. நுழைவாயில் பலகையை முழுதாகப் படியுங்கள். அமெரிக்காவின் சேப்பல் ஹில் போல நகரப் பேருந்துக்கே கட்டணம் இல்லாத ஊர்களும் உண்டு, அங்கே 2002 முதல் அப்படித்தான்.

நீண்ட விடுமுறையில் கச்சேரி, பேச்சு, வழிபாடு எல்லாம் அடங்கிவிடும். அப்போது மிஞ்சுவது தாவரவியல் தோட்டமும் மரங்களும். எல்லாத் தோட்டமும் இலவசம் அல்ல. கார்னெலுடையதும் ஹார்வர்டின் ஆர்னால்டு மரத்தோட்டமும் இலவசம், ஆக்ஸ்ஃபோர்டில் டிக்கெட் உண்டு. மரத்தில் தொங்கும் சிறு பட்டையில் பெயரோடு ஒரு எண்ணும் இருக்கும், பெரும்பாலும் அந்த மரம் தோட்டத்துக்கு வந்த ஆண்டு அதற்குள் இருக்கும். கண்ணாடிக் குடிலில் டைட்டன் ஆரம் என்ற பிணமலர் மலரத் தொடங்கிவிட்டது என்று அறிவித்தால் மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். மாலையில் விரியும், முதல் இரவில்தான் நாற்றம் உச்சத்தில் இருக்கும், இரண்டு நாளில் சரிந்துவிடும். சில இடங்களில் இரவிலும் திறந்து வைப்பார்கள்.

கல்வியாண்டு முடிவில் மாணவர் விடுதியைக் காலி செய்யும் கடைசி மூன்று நாட்களில் நடைபாதையெங்கும் சாமான்கள் குவியும். மரம், உலோகம், கண்ணாடி, புத்தகம் எடுக்கலாம். மெத்தை, சோஃபா, மெத்தை தைத்த நாற்காலி எதையும் தொடாதீர்கள், மூட்டைப்பூச்சி வந்துவிட்டால் அதை ஒழிக்கும் செலவு புதுச் சோஃபாவின் விலையைத் தாண்டும். மரச்சாமானின் திருகாணித் துளைகளிலும் இணைப்புகளிலும் டார்ச் அடித்துக் கரும்புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே உள்ளே கொண்டுவாருங்கள். சைக்கிள் ஹெல்மெட்டும் குழந்தைக் கார் இருக்கையும் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் வேண்டாம். ஒருமுறை அடிபட்டிருந்தால் வெளியே தெரியாது.